அசைவில் தெரியும் மரம்

உடை மரத்துக்கு உயரம் ஒரு பொருட்டே இல்லை. ஆள் உயரத்தைத் தாண்டிக் கொஞ்சம் போனதும் கிளைகளைப் பக்கவாட்டில் விரித்து, உச்சியைத் தட்டையாக்கிக்கொண்டு நின்றுவிடுகிறது. தாவரவியல் புத்தகங்களில் இதைக் குடைவேல் என்று எழுதுகிறார்கள். தென்தமிழ்நாட்டின் வறண்ட பகுதிகளிலும் இலங்கையிலும் இயல்பாக வளர்கிற மரம். வெள்ளை முட்கள் ஜோடி ஜோடியாக நீண்டிருக்கும். சுருண்டு தொங்கும் காய்களை ஆடுகள் விரும்பித் தின்னும். திருநெல்வேலிக்கு அருகே, கங்கைகொண்டானைச் சுற்றி ஒரு காலத்தில் உடங்காடாகவே கிடந்த நிலங்கள் உண்டு. இன்று மிச்சமிருப்பவற்றில் ஒரு பகுதி, 2013-இல் அறிவிக்கப்பட்ட புள்ளிமான் சரணாலயத்துக்குள் பாதுகாப்பாக இருக்கிறது. சுமார் 288 ஹெக்டேர்தான் பரப்பு. அருகிலேயே சிப்காட் தொழிற்பூங்கா, மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் நான்கு வழிச்சாலை, ரயில் பாதை. காடு என்றதும் மனதில் எழும் பச்சை இருட்டு இங்கே கிடையாது. வெயில் அடிவரை இறங்கும் முட்காடு இது.

இந்தக் காட்டின் விளிம்பில் நின்று, கேமராவை வேண்டுமென்றே அசைத்து மரங்களைப் படம் எடுத்து வருகிறேன். சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழையக் கூடாது, மான்களை நினைத்தால் நுழைய மனமும் வராது. ஊர்ப் பொறம்போக்கும் குளத்தங்கரையும் சிற்றாற்றின் ஓரமும் எனக்குப் போதும்.

முறை எளியது. ஷட்டர் சாதாரணமாக நொடியில் நூறில் ஒரு பங்கு, ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் திறந்து மூடும். அதை அரை நொடி, கால் நொடி என்று நீட்டி, அந்த நேரத்துக்குள் கேமராவை ஏதாவது ஒரு திசையில் நகர்த்த வேண்டும். மரமும் வானமும் கோடுகளாக, கறைகளாக, வண்ணப் பட்டைகளாக இழுபட்டு விழும். நம் ஊர் வெயிலில் இது லேசில் நடக்காது. ஐஎஸ்ஓவை 100-இல் வைத்து, லென்ஸின் துளையை எஃப் 16 வரை சுருக்கினாலும் பகலில் நூறில் ஒரு நொடிக்கு மேல் போனால் படம் வெளுத்துவிடும். ஆறு ஸ்டாப், அதாவது ஒளியை ஆறு முறை பாதி பாதியாகக் குறைக்கிற கறுப்புக் கண்ணாடி ஒன்றை முன்னால் மாட்டினால், அதே வெயிலில் அரை நொடிக்கு மேலேயே கிடைக்கும். விடிவதற்குச் சற்று முன்போ, பொழுது சாய்ந்த பின்போ என்றால் அந்தக் கண்ணாடியும் வேண்டாம்.

இதற்கு உலகில் நல்ல பரம்பரை ஒன்று இருக்கிறது. ஆஸ்திரியாவில் பிறந்த எர்ன்ஸ்ட் ஹாஸ் 1950களில் ஸ்பெயின் நாட்டுக் காளைச் சண்டையை வண்ணப் படச்சுருளில், மெதுவான ஷட்டரில் எடுத்தார். காளையின் உருவம் கலைந்து அதன் பாய்ச்சல் மட்டும் படத்தில் நின்றது. அது ஓடுகிற உயிரை எடுத்த விதம். பின்னால் வந்தவர்கள் இதே வித்தையை ஓடாத உயிர்களிடம், அதாவது மரங்களிடம் கொண்டுபோனார்கள். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பைன், பிர்ச் காடுகளில் எடுக்கப்பட்ட இத்தகைய படங்கள் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை மேலிருந்து கீழாக இழுத்து எடுத்தவை. காரணம் உண்டு. ஒரு கோட்டின் திசையிலேயே கேமரா நகர்ந்தால் அந்தக் கோடு அழியாது, குறுக்கே நகர்ந்தால் கரைந்துவிடும். நெட்டுக்குத்தாக வளரும் அடிமரங்களுக்கு மேலும் கீழுமான அசைவு பொருந்துகிறது. நம் களக்காடு முண்டந்துறைப் பக்கம், பொதிகை மலையின் மழைக்காட்டிலும் இது பலிக்கும். வெளிச்சத்தைத் தேடி எல்லா மரமும் அங்கே மேல்நோக்கியே வளர்ந்திருக்கும்.

உடை மரத்திடம் இந்த வித்தை செல்லாது. மேலும் கீழும் இழுத்தால், அதன் முழு வாழ்க்கையாகிய அந்தத் தட்டைக் குடை அழிந்துபோய், எங்கோ எதுவோ பச்சையாக வழிகிறது என்பது மட்டும் மிஞ்சும். பக்கவாட்டில் நகர்த்தினால் குடை நிற்கும், ஆனால் குட்டையான அடிமரம் கரைந்து, மரம் தரையை விட்டுவிடும். நான் கண்டுகொண்ட வழி நின்று நகர்வது. ஷட்டரை அழுத்திய பின் மூன்றில் ஒரு பங்கு நேரம் கேமராவை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும், அதன் பிறகே கிளைகள் விரியும் திசையில் நகர வேண்டும். அசையாத நேரம் மரத்தின் அடியையும் முள்ளையும் மெல்லியதாகப் பதித்துவைக்கிறது. அசைந்த நேரம் அதன் விரிவை எழுதுகிறது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தால்தான் அது உடை.

இதைக் கைக்குப் பழக்குவதற்கு முன்னால் கண்ணுக்குப் பழக்க வேண்டியிருந்தது. எந்தத் திசையில் நகர்த்துவது என்பதைக் கேமரா சொல்லாது, மரம்தான் சொல்ல வேண்டும். வேம்பு ஒரு விதமாகத் திரளும். உசில் கொஞ்சம் கலைந்து நிற்கும். பனை நேராக ஏறி உச்சியில் சட்டென்று வெடிக்கும். பனையை மேலும் கீழுமாக இழுத்து எடுப்பது மிகச் சுலபம். சுலபமாக வருவதாலேயே பனைப் படங்கள் எல்லாம் ஒன்றுபோல இருக்கின்றன என்பது என் கருத்து. ஒரு மரத்தின் முன்னால் வெறுமனே நின்று, அது எப்படி வளர்ந்திருக்கிறது, எந்தக் கிளை எதைத் தேடிப் போயிருக்கிறது, எங்கே காற்றுக்கு வளைந்து கொடுத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று இந்தச் சமவெளியைப் புரட்டி எடுக்கும். கயத்தாறு வரை வரிசையாக நிற்கும் காற்றாலைகளுக்கு அந்தக் காற்றுதான் தீனி. அந்த மாதங்களில் கேமராவைக் கல்போலப் பிடித்தாலும் இலைகள் இழுபட்டுத்தான் விழும். அடிமரம் மட்டும் துல்லியமாக நிற்கும். அசைவு எங்கிருந்து வந்தது, என் கையிலிருந்தா மரத்திலிருந்தா என்று அப்போது பிரித்துச் சொல்ல முடியாது. இந்த முறையில் எனக்குப் பிடித்த மாதங்கள் அவைதான்.

இப்போது ஒவ்வொருவர் கையிலும் இருக்கும் கைபேசி இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்கிறது. மங்கலான வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்தால், அது உள்ளுக்குள் பல படங்களை எடுத்து, அவற்றை ஒன்றோடொன்று பொருத்தி, கையின் நடுக்கத்தைத் துடைத்துவிட்டுத்தான் நமக்குக் காட்டுகிறது. அது பெரிய தொழில்நுட்பச் சாதனை, சந்தேகமே இல்லை. ஆனால் எடுத்தவரின் கை அந்தப் படத்தில் எங்குமே இல்லை. நான் கேமராவில் நடுக்கத்தைத் தடுக்கும் அமைப்பை அணைத்து வைக்கிறேன். வயதாகிற கை அது. அதன் அசைவும் மரத்தின் பக்கத்தில் பதியட்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த மரங்களைத் தினமும் ஆயிரக்கணக்கானோர் கலங்கலாகத்தான் பார்க்கிறார்கள். நான்கு வழிச்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும் காருக்கு உடங்காடு என்பது ஜன்னலில் ஓடும் ஒரு பச்சைப் பட்டை. நான் எடுக்கும் படமும் பச்சைப் பட்டைதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் சொல்ல முடியுமா என்ற கேள்வி என்னை வெகுநாள் பிடித்துக்கொண்டிருந்தது. ஒன்று கடந்துபோனதால் கலங்கியது, மற்றது நின்றதால் கலங்கியது என்று நான் சொல்லிக்கொள்ளலாம். படம் அதைச் சொல்ல வேண்டுமே.

அந்தக் கேள்விக்கு விடை போன்ற ஒன்றை ஆடு மேய்க்கும் ஒரு பெரியவரிடம் பெற்றேன். ஆடுகள் உடை மர நிழலில் ஒதுங்கிய வேளையில், கேமராவின் பின்பக்கத் திரையை எட்டிப் பார்த்தார்.

“என்ன தம்பி, படம் ஆடிப்போச்சோ?”

“இல்ல அண்ணாச்சி, வேணும்னுதான் ஆட்டுனேன்.”

“வேணும்னு ஆட்டுனியளா?” என்றவர் சிரிக்கவில்லை. வாங்கிக் கண்ணுக்கு அருகே வைத்து வெயிலை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு பார்த்தார். “இது உடைல்லா. தலையப் பாத்தாலே தெரியுதே.” அடுத்த படத்தைக் காட்டினேன். “இது சீமக்கருவேலம். இதுக்கு ஏது தலை? நாலாப்பக்கமும்லா சரியுது.” அதற்கடுத்த படத்தில் அவர் வெகுநேரம் நின்றார். “இது என்னன்னு பிடிபடலயே. மரந்தானா?”

மூன்றில் திரையில் பார்க்க மிக அழகாக இருந்தது அந்தக் கடைசிப் படம்தான். பொன்னும் பச்சையும் கலந்த ஒரு மினுக்கம். யாருக்குக் காட்டினாலும் பாராட்டுவார்கள். அன்றிலிருந்து எனக்கு அவர் பார்வைதான் உரைகல். அந்தக் காட்டிலேயே வாழ்கிற ஒருவர் கலங்கலுக்குள் எந்த மரம் என்று சொல்லிவிட்டால், அந்தப் படம் மரத்தைப் பற்றியது. சொல்ல முடியாவிட்டால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அது கேமராவைப் பற்றியது. அவர் உடையையும் சீமைக் கருவேலத்தையும் பிரித்துச் சொன்னதில் இன்னொன்றும் இருக்கிறது. பின்னது வெளிநாட்டிலிருந்து வந்து நம் நிலத்தைப் பிடித்துக்கொண்ட மரம். அதை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றமே உத்தரவிட்டிருக்கிறது. இரண்டும் முள்மரம், இரண்டுக்கும் சிற்றிலை. வண்டியில் போகிறவருக்கு இரண்டும் ஒன்று. உருவத்தின் நுணுக்கங்கள் எல்லாம் அழிந்த பிறகும் அவை வேறுவேறாகத் தெரிந்தன என்றால், ஒரு உயிரின் அடையாளம் நுணுக்கங்களில் மட்டும் இல்லை.

இது எனக்கு மரங்களுக்கு முன்பே வேறோர் இடத்தில் தெரிந்திருந்தது. அப்பா சாயங்கால ரயிலில் வந்து இறங்கி ஸ்டேஷனிலிருந்து நடந்து வருவார். முகம் தெரியாத தூரம், இருட்டத் தொடங்கிய நேரம். ஆனாலும் நாங்கள் பிள்ளைகள் அவர்தான் என்று ஓடுவோம். இடது தோளைச் சற்று இறக்கி, ஒவ்வொரு அடியிலும் லேசாகச் சாய்ந்து நிமிரும் நடை அது. ஊரில் வேறு யாருக்கும் அந்த நடை இல்லை. இன்று அவரைப் பார்க்க வேண்டும் என்றால் வீட்டில் இருப்பது ஸ்டுடியோவில் எடுத்த ஒரு படம். நாற்காலியின் முதுகில் ஒரு கை, பொத்தான் வரை துல்லியம், மூச்சைப் பிடித்த முகம். அவரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்கிற ஒன்று, அந்தப் படத்தில் அவர் இல்லை என்பது. அசையாதீர்கள் என்று ஸ்டுடியோக்காரர் சொல்லியிருப்பார். அசைவில்தான் அவர் இருந்தார். யாராவது அன்று அந்த இருட்டில், மெதுவான ஷட்டரில், சாய்ந்து சாய்ந்து வரும் ஒரு கறையாக அவரை எடுத்திருந்தால், அதை நான் சுவரில் மாட்டியிருப்பேன்.

ஒருவரைத் தெரிந்துகொள்வது என்றால் என்ன என்று இந்தப் படங்கள் என்னைத் திரும்பத் திரும்பக் கேட்க வைக்கின்றன. எங்கள் பக்கம் புதிதாக ஒருவரைப் பார்த்தால் எந்த ஊர், யார் மகன், என்ன வேலை என்று வரிசையாகக் கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் தெளிவான பதில் கிடைத்துவிடும். பதில் கிடைத்ததும் அவரைத் தெரிந்துவிட்டது என்று பேச்சை முடித்துக்கொள்வோம். அந்தப் பதில்களுக்காகவே ஒருவரை ஒதுக்கிவைத்த கதைகளும் இந்த மண்ணில் குறைவில்லை. அவரோடு ஒரு மழைக்காலத்தையும் ஒரு கடன் தொல்லையையும் ஒரு கல்யாணத்தையும் கடந்த பிறகு நமக்குத் தெரிய வருவது வேறு ஒன்று. அதைக் கேட்டால் சொல்ல வராது. “அவர் அப்படித்தான்” என்போம். அந்த “அப்படித்தான்” என்பதில் வருடக்கணக்கான பார்வை படிந்திருக்கிறது. ஆயிரத்தில் ஒரு நொடியில் எடுத்த படம் பதில் சொல்கிறது. அரை நொடி திறந்துவைத்த படம் அந்த “அப்படித்தான்” பக்கம் கொஞ்சம் நகர்கிறது. அரை நொடி ஒரு மரத்தின் வாழ்நாளில் ஒன்றுமே இல்லைதான். ஆனாலும் அதற்குள் காலம் நுழைந்துவிடுகிறது.

இப்படி எழுதும்போது திருநெல்வேலியில் பிறந்த இன்னொருவர் என் முன்னால் வந்து நிற்கிறார். மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912-இல் பிறந்தவர். 1950 முதல் 1996-இல் மறையும் வரை ‘தி ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதியவர். யானைகளையும் காட்டு விலங்குகளையும் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒன்றை உருவாக்கி, அதற்கு ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று பெயரும் வைத்திருந்தார். அவர் படங்கள் இயற்கை ஆய்வின் பகுதி. காதின் விளிம்பு, தந்தத்தின் வளைவு, நிற்கும் புல்வெளி, எல்லாம் தெரிய வேண்டும், தெரிந்தால்தான் அடுத்த தலைமுறை ஒப்பிட்டுப் பார்க்க முடியும். நம் மண்ணின் மரங்களுக்காக விடாமல் வாதாடியவரும் அவரே. என் வேலைக்கு அவர் நேர் எதிர்முனையில் இருக்கிறார் என்று முதலில் எண்ணியிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. யானையின் முன்னால் அவ்வளவு பொறுமையாக நின்றவருக்கு, அது அடுத்து எப்படித் திரும்பும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அந்த அறிவுதான் சரியான கணத்தில் ஷட்டரை அழுத்துகிறது. மரத்தின் போக்குத் தெரிந்த பின் கையை நகர்த்துவதும் அதே அறிவிலிருந்துதான் வர முடியும். பார்க்காமல் எடுத்த துல்லியமும் வெறுமையானது, பார்க்காமல் அசைத்த கலங்கலும் வெறுமையானது.

ஆனால் அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட ஒரு கண்டிப்பு உண்டு. சில மரங்களுக்குச் சாட்சி வேண்டும். கங்கைகொண்டானுக்கு வடக்கே கயத்தாற்றில், 1799 அக்டோபர் 16 அன்று, கட்டபொம்மனை ஒரு புளியமரத்தில் தூக்கிலிட்டார்கள். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839-இல்தான். அந்த மரம் எப்படி இருந்தது, எந்தக் கிளை, எவ்வளவு உயரம், எதுவும் நமக்குப் பார்க்கக் கிடைக்காது. மரமும் இன்று இல்லை. அந்த மரத்தின் படம் ஒன்று இருந்திருந்தால், அது பட்டையின் வெடிப்பு வரை தெரிகிற படமாக இருந்திருக்க வேண்டும் என்றே யாரும் விரும்புவோம்.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள் என்றால், முதலில் ஓர மரங்களின் அடியில் எண் எழுதுவார்கள். மார்பளவு உயரத்தில் பட்டையைக் கொஞ்சம் செதுக்கிவிட்டு, பெயிண்டில் ஓர் எண். புளி, வேம்பு, ஆல், ஆற்றோரத்தில் என்றால் மருது. பெயிண்ட் பட்டையின் பிளவுகளில் வழிந்து காய்ந்திருக்கும். எறும்பு வரிசை அந்த எண்ணைக் கடந்து மேலே போய்க்கொண்டிருக்கும். திருநெல்வேலியிலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் இப்படி எண் வாங்கி, பிறகு வெட்டப்பட்ட மரங்கள் நின்ற இடங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். நிழலுக்கு நின்றவர்கள், பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள், அடியில் இளநீர் விற்றவர்கள் ஆகியோர் நினைவில் மட்டும் அவை இருக்கின்றன.

எண் எழுதிய மரத்தின் முன்னால் நான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிடுகிறேன். முக்காலியை ஊன்றி, எண்ணைத் தெளிவாகப் படிக்க முடியும்படி ஒன்று, முழு மரமும் பக்கத்துக் கடையும் மைல்கல்லும் தெரியும்படி ஒன்று என்று எடுக்கிறேன். தேதியும் இடமும் எழுதி வைக்கிறேன். அழிக்கப்போகிற ஒன்றை அழகான கறையாக்கிக் காட்டுவது, அதை வெட்டுகிறவருக்குச் செய்யும் உதவியாகிவிடும். அங்கே கலங்கல் ஒரு பொய். உடங்காட்டில் அதே அசைவு உண்மையாக இருப்பதற்குக் காரணம், அந்த மரம் நாளையும் அங்கே நிற்கும் என்ற நம்பிக்கை. சந்தேகம் வந்தால் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், அண்ணாச்சியிடம் கேட்டுக்கொள்ளலாம். அந்த வசதி போய்விட்ட மரத்துக்கு மிஞ்சுவது படம் மட்டும்தான், அதில் ஓர் இலைகூட என் கையால் கலையக் கூடாது.

சரணாலயத்துக்கு வெளியே, சிப்காட் பக்கம் நிற்கும் உடை மரங்களில் எதை எந்த விதமாக எடுப்பது என்பதில்தான் இன்னும் தடுமாற்றம். அவற்றுக்கு எண் இல்லை, வேலியும் இல்லை. ஒரு புதுச் சுவர் எழுந்தால் ஒரே நாளில் போய்விடும், எண் எழுதும் மரியாதைகூட அவற்றுக்குக் கிடைக்காது. அதனால் இப்போதெல்லாம் ஒவ்வொன்றையும் முதலில் அசையாமல் எடுத்துவைத்துவிட்டு, அதன் பிறகே கையை நகர்த்துகிறேன்.